பைப் போடும் கப்பலில் ஏதாவது பிழையானால்: முதலில் இழுவையைப் பாருங்கள்

என் அக்காவின் மகன் இந்த மாதம் கடலடியில் பைப் போடும் கப்பலுக்கு ரிக்கராக, அதாவது பாரம் கட்டித் தூக்குகிறவனாகப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை டச்பே கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்: "மாமா, அங்க ஏதாவது பிழைச்சால் நான் முதல்ல எங்க ஓடுறது?"

"எங்கேயும் ஓடாதே. இழுவை எவ்வளவு காட்டுது எண்டு பார்" என்றேன்.

பதினாறு வருடம் அந்தக் கப்பல்களில் நின்றிருக்கிறேன். அன்று அவனுக்குச் சொன்னதை, அவனைப் போலத் திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து போகிற மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன். ஊரிலும் இப்போது குழாய்ப் பேச்சுத்தான். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள், 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் செய்துகொண்ட உடன்பாடு, இந்தியாவிலிருந்து எண்ணெய்க் குழாய் வரப்போகிறது என்ற கதை. அந்தக் குழாய் எப்போது வரும் என்பது வேறு விடயம். இங்கே நான் எழுதுவது, குழாய் போடும் கப்பலுக்குள் என்ன என்ன பிழைக்கும், கண்ணில் படுகிற அறிகுறியிலிருந்து காரணத்தை எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சுமார் 12 மீற்றர் நீளக் குழாய்களைக் கப்பலுக்குள் வரிசையாக வைத்து ஒன்றோடொன்று வெல்டிங் செய்கிறார்கள். அந்த வரிசைக்கு ஃபயரிங் லைன் என்று பெயர். ஒவ்வொரு மூட்டும் முடிந்ததும் கப்பல் ஒரு குழாய் நீளம் முன்னே போகும், பின்பக்கத்தால் அதே அளவு குழாய் கடலுக்குள் இறங்கும். பின்பக்கம் ஸ்டிங்கர் என்கிற நீண்ட வளைந்த இரும்புச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் ரோலர்களில் உருண்டு குழாய் கீழ்நோக்கி வளையும். கடலடியை நெருங்கும்போது மறுபக்கம் வளைந்து தரையில் படுக்கும். ஆங்கில எஸ் எழுத்து மாதிரி இரண்டு வளைவு. அதனால் எஸ்-லே. இந்த இரண்டு வளைவும் ஒடியாமல் முக்கியமாகக் காப்பது, குழாயை நெருக்கிப் பிடிக்கிற டென்ஷனர் என்கிற மெசின் வைத்திருக்கிற இழுவை.

கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். மீன் எவ்வளவு என்று வலை கரைக்கு வரும்வரை தெரியாது. ஆனால் கயிற்றைப் பிடித்திருக்கிற கைக்குத் தெரியும். பாரம் கூடினாலும், வலை பாரில் மாட்டினாலும், ஒரு பக்கம் தளர்ந்தாலும் கைக்குத்தான் முதலில் வரும். பைப் கப்பலில் அந்தக் கை டென்ஷனர். அதன் எண் எல்லாத் திரைகளிலும் ஓடும்.

அந்த எண் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 24 அங்குலக் குழாய், சுவர் 32 மில்லிமீற்றர் உருக்கு, பூச்சை விட்டுவிடுவோம். ஒரு மீற்றர் உருக்கு ஏறத்தாழ 456 கிலோ. கடல் நீர் அதை மீற்றருக்கு 299 கிலோ அளவில் மேலே தூக்கும். மிச்சம் 157 கிலோ. ஆழம் 2000 மீற்றர் என்றால் மேலே தாங்க வேண்டியது 314 தொன். தரையோடு கிடையாக இழுத்துப் பிடிக்கிற இழுவை இதற்கு மேல் வரும். இதே குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் மீற்றருக்கு 157 கிலோ 397 கிலோவாகிவிடும். அப்போது 794 தொன். இந்த இரண்டு எண்ணையும் உங்கள் கப்பலின் குழாய்க்கு நீங்களே கணக்குப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற பாதிக் கோளாறுகளை அந்தக் கடதாசி பிடித்துக் கொடுக்கும்.

இழுவை எண் ஆடுகிறது

ஆடுகிறது என்பது போதாது, எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் பொறுமையாக நின்று திரையைப் பாருங்கள்.

எல்லா டென்ஷனரும் சேர்ந்து ஒரே தாளத்தில் கூடிக் குறைந்தால் அது கடல். கப்பல் அலையில் முன்னும் பின்னும் போகிறது, குழாய் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு செக்கனுக்கு ஒரு தரம் வந்தால் தூரத்திலிருந்து வருகிற நீண்ட அலை. மேலே காற்றே இல்லாத நாளிலும் அது வரும். டென்ஷனர் ஓர் எல்லைக்குள் பிரேக்கில் நிற்கும். எல்லையைத் தாண்டினால் தானாகக் கொஞ்சம் விடும் அல்லது இழுக்கும். அந்த எல்லையை மாற்றுவது உங்கள் வேலை இல்லை. ஆடுகிற அளவையும் நேரத்தையும் கொப்பியில் எழுதி, மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

ஒரு டென்ஷனர் குறைய மற்றது கூடுகிறதா? மொத்தம் மாறவில்லையா? அப்படியானால் குழாய் ஒரு டென்ஷனரில் வழுக்குகிறது. டென்ஷனர் என்பது புல்டோசரின் சங்கிலிச் சக்கரங்களை எதிரெதிராக வைத்த மாதிரி. இறப்பர் பட்டைகள் குழாயை நெருக்கிப் பிடிக்கும். பூச்சின் மேல் எண்ணெய், தண்ணீர், ஒட்டிக் கிடக்கிற பொலித்தீன் ஏதாவது இருந்தால் பிடி போய்விடும். இதைச் சரிபார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. எந்தக் கருவியும் தேவையில்லை. குழாய் நிற்கும்போது, மேற்பார்வையாளரிடம் கேட்டு, அவர் கை வைக்கலாம் என்று சொன்ன இடத்தில் மட்டும், பட்டையின் விளிம்பிலிருந்து குழாய்க்குக் குறுக்கே வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். பட்டையில் உள்ள கோடும் குழாயில் உள்ள கோடும் ஒரே நேரில் இருந்தால் வழுக்கவில்லை. குழாயின் கோடு பின்பக்கமாக ஒரு விரல் அகலம் போயிருந்தால் வழுக்குகிறது, எண் என்ன சொன்னாலும் சரி. நான் முதல் முதல் இதைக் கண்டபோது வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவில் பூச்சு மினுமினுவென்று தேய்ந்திருந்தது. கை வைத்தால் சூடு.

வழுக்கினால் நெருக்கத்தைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். அளவுக்கு மேல் நெருக்கினால் பூச்சு நசுங்கும், மெல்லிய சுவர்க் குழாய் முட்டை வடிவமாகும். முதலில் மேலே உள்ள அழுக்கைத் துடைக்க வழி பாருங்கள், நெருக்கும் எண்ணெய் அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இழுவை மெல்ல மெல்ல ஏறி, திரும்பி வரவில்லை என்றால்தான் எனக்குப் பயம். மூன்று காரணம் இருக்கலாம். கப்பல் தெரியாமல் முன்னே ஊர்கிறது. கடலடி ஆழமாகிக்கொண்டு போகிறது. குழாய்க்குள் தண்ணீர் புகுகிறது. முதலாவதை, கப்பலை ஓட்டுகிற அறையான பிரிட்ஜில் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வரும். இரண்டாவது வரைபடத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கும். எழுதாத ஆழம் திடீரென்று வராது. இரண்டும் இல்லை என்றால் மூன்றாவது. நேராகக் கீழே "குழாய் வாயிலிருந்து காற்று" என்ற பகுதிக்குப் போங்கள்.

இழுவை திடீரென்று விழுந்தால் கப்பல் பின்னால் போயிருக்கிறது, அல்லது குழாய் எங்கோ விட்டுவிட்டது. எண் குறைந்தால் பாரம் குறைந்தது என்று நிம்மதிப்படக் கூடாது. இழுவை குறைந்தால் கடலடிக்குப் பக்கத்து வளைவு இறுகும், அங்கேதான் குழாய் மடிகிறது. எங்கள் வீடுகளில் தண்ணீருக்குப் போடுகிற கறுப்பு அல்கதீன் பைப்பை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையுங்கள், வளைந்து கொடுக்கும். இழுப்பை விட்டுவிட்டு வளையுங்கள், ஓரிடத்தில் மடிந்து வெள்ளைத் தழும்பு விழும். அந்தத் தழும்பு பிறகு போகாது.

பக்கிள் டிடெக்டரின் வயர் இறுகுகிறது

மடிப்புக்குக் கப்பலில் பக்கிள் என்று பேர். அதைப் பிடிக்கக் குழாய்க்குள்ளே ஒரு வண்டி விடுவார்கள். சக்கரம் பூட்டிய தண்டு, அதில் குழாயின் உள்விட்டத்தை விடச் சற்றே சிறிய ஒரு வட்டத் தகடு. வயரில் கட்டி, தரையில் குழாய் படுகிற இடத்தைத் தாண்டிப் பின்னே நிறுத்துவார்கள். கப்பல் முன்னே போகப் போக அதுவும் உள்ளே இழுபட்டு வரும். எங்கேயாவது குழாய் நசுங்கியிருந்தால் தகடு மாட்டும், வயரின் பாரம் ஏறும். ஆழம் கூடக் கூட வயர் நீளும். அதனால் சில ஆழ்கடல் வேலைகளில் இந்த வண்டியே இருக்காது. இழுவை எண்ணையும் தரைக்கு அனுப்பிய ரோபோவின் படத்தையும் நம்பித்தான் வேலை.

வண்டி இருக்கிற கப்பலில் வயர் இறுகினால், மடிந்துவிட்டது என்று உடனே கத்த வேண்டாம். குழாய் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது முதல் வேலை, அதில் தயக்கம் வேண்டாம். பிறகு வயரைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இழுக்கிறார்கள், அப்போது கவனியுங்கள்.

பாரம் ஒவ்வொரு 12 மீற்றருக்கும் ஒரு சின்னத் துள்ளலாக வருகிறதா? அது வெல்டிங்கின் உள்பக்கத் தடிப்பு. தகடு ஒவ்வொரு மூட்டிலும் தட்டுகிறது. முதல் வெல்டிங் நிலையத்தில் உள்பக்கம் அதிகமாக வழிகிறது என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். துள்ளலாக இல்லாமல் எப்போதும் கொஞ்சம் கனமாக வந்தால் சக்கரம் சிக்கியிருக்கும், அல்லது உள்ளே ஏதோ பொருள் கிடக்கும். கிரைண்டர் தகட்டின் துண்டு, கையுறை, வெல்டிங் கம்பி எல்லாம் உள்ளே போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் குழாயை வரிசையில் வைக்கும் முன் உள்ளே விளக்கடித்துப் பார்க்கிறோம். அந்த அரை நிமிடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஒரே இடத்தில், ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் மாட்டினால் அது மடிப்பு. அப்போது இழுவை எண்ணைப் பாருங்கள். அது அசையவில்லை என்றால் உலர்ந்த மடிப்பு: குழாய் நசுங்கியிருக்கிறது, கிழியவில்லை. கப்பல் பின்னால் போய், குழாயை ஒவ்வொரு மூட்டாக உள்ளே எடுத்து, வெட்டி வெட்டி, மடிந்த துண்டு வரும்வரை பின்வாங்க வேண்டும். போட்ட வேலையை அவிழ்ப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் 2000 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 200 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. நசுங்கிய ஓரிடத்திலிருந்து நசுக்கம் குழாய் நெடுகிலும் ஓடத் தொடங்கினால், அது தொடங்கத் தேவைப்பட்டதை விடக் குறைந்த அழுத்தமே அதை ஓட வைக்கப் போதும். அதைத் தடுக்கத்தான் இடையிடையே தடித்த சுவருள்ள வளையத் துண்டுகளைப் போடுகிறார்கள். ஓடிவந்த நசுக்கம் அங்கே நிற்கும்.

குழாயின் திறந்த வாயிலிருந்து காற்று வருகிறது

மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் ஓர் இரவு. நான் அப்போது குழாய் பொருத்துகிற முதல் நிலையத்தில் நின்றேன். அடுத்த குழாயைத் தூக்கிக் கொண்டுவரும்வரை வரிசையின் வாய் திறந்திருக்கும். வழக்கமாக அங்கே சூடான இரும்பு மணமும் புகையும்தான். அன்றைக்கு என் கழுத்தில் குளிர்ச்சியாக ஒரு காற்றுப் பட்டது. திரும்பிப் பார்த்தேன். குழாயின் வாயில் தொங்கிக்கொண்டிருந்த துணி வெளிப்பக்கமாக விரிந்து நின்றது. சத்தம் இல்லை. ஒரு மூச்சு மாதிரி, ஆனால் நிற்காத மூச்சு. உள்ளே அலையின் ஈரமணம்.

எங்கோ கீழே குழாய் கிழிந்து கடல் உள்ளே வர, உள்ளே இருந்த காற்று எங்கள் பக்கமாக வெளியேறியது. அதைக் கப்பலில் ஈர மடிப்பு என்போம். மேற்பார்வையாளர் ஓடிவந்து கையை வைத்துப் பார்த்தார், அடுத்த நொடி எல்லா நிலையத்திலும் மணி. இழுவை அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் திரையில் இருந்த எண்ணைப் பார்த்து யாரும் பயப்பட்டிருக்க மாட்டார்கள். அரை மணிக்குள் டென்ஷனர்களின் எல்லையை நெருங்கிவிட்டது.

ஆகவே, காற்று பட்டால் முதலில் குழாய்க்கு முன்னாலிருந்து விலகி நில்லுங்கள். நேர் எதிரே நிற்காதீர்கள். சொல்லுங்கள், உறுதியில்லை என்றாலும் சொல்லுங்கள். அதன்பிறகு நடப்பது பெரியவர்களின் வேலை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். குழாயின் நுனியில் இழுக்கும் தலை ஒன்றை வெல்டிங் செய்து, ஏ-ஆர் விஞ்ச் என்கிற பெரிய விஞ்சின் வயரில் மாற்றி, டென்ஷனரைத் திறந்து, கடலடியில் மெல்ல இறக்கி வைப்பார்கள். பாரம் கூடிக்கொண்டே வருகிறது என்பதால் இது நேரத்தோடு போட்டி. பிறகு குழாய்க்குள் பிக் என்கிற அடைப்பை அனுப்பி, காற்றால் தள்ளி, தண்ணீரை வெளியேற்றித் தூக்குவார்கள். பிடிப்புக் குறைந்த கப்பலுக்கு இது ஆபத்தான மணிநேரம். உலகில் பெரிய கப்பல்கள் பெரிய இழுவையோடு கட்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓல்சீஸ் நிறுவனத்தின் சொலிடேரில் 1050 தொன், அதே நிறுவனத்தின் பயனியரிங் ஸ்பிரிட்டில் 2000 தொன். 2017-18-ல் பயனியரிங் ஸ்பிரிட் கருங்கடலில் 2200 மீற்றர் ஆழம்வரை 32 அங்குலக் குழாய் போட்டது.

இந்த வேலையின்போது வயர் பக்கம் வேலையில்லாதவர் யாரும் நிற்கக் கூடாது. வயர் முறுகுகிற சத்தம் "கிறீச்" என்று கேட்டால் பார்க்க எட்டிப் போகாதீர்கள். இறுகிய வயர் அறுந்தால் ஆளை வெட்டும்.

வெல்டிங் திருத்தம் திடீரென்று கூடுகிறது

மூட்டு ஒவ்வொன்றையும் அல்ட்ராசவுண்டால் சோதிப்பார்கள். பழுதானால் வெட்டித் திருத்த வேண்டும். ஒரு நிலையம் தாமதித்தால் கப்பலே நிற்கும். அதனால் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் பதற்றம். பதற்றத்தில் வெல்டரைத் திட்டுவது வழக்கம். அது உதவாது. குழாயின் வட்டத்தை மணிக்கூட்டு முகமாக நினைத்து, பழுது எத்தனை மணிப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

எப்போதும் ஒரே பாதியில், உதாரணமாக மூன்று மணிப் பக்கத்தில் மட்டும் வந்தால், அந்தப் பாதியை ஓட்டுகிற மெசின்தான் காரணம். குழாயின் இரண்டு பக்கமும் வேறு வேறு மெசின்கள் இறங்குகின்றன. சுவரோடு உருகிச் சேராமல் கோடாக விட்டுப் போனால், இரண்டு குழாய்களின் விளிம்பும் நேருக்கு நேர் உட்காரவில்லை. ஒன்று ஒரு மில்லிமீற்றர் உயர்ந்திருந்தால் போதும். ஒரே லொறிக் கட்டு, ஒரே தொகுதிக் குழாய்களில் மட்டும் வந்தால் நுனிகளின் வட்டம் சரியில்லை. வரிசை எண்களை எழுதினால் இது பட்டென்று தெரியும்.

சின்னச் சின்னக் காற்றுக் குமிழியாக எல்லா இடத்திலும் வந்தால்? ஈரம், அல்லது காற்று. எங்கள் ஊர் வெல்டர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை. கச்சான் காலத்தில் வெளியே வேலை செய்கிறவர்கள் படங்கு கட்டாமல் வாயு வெல்டிங் மெசினைத் திறக்க மாட்டார்கள். வெல்டிங்கை மூடிக் காக்கிற வாயு காற்றில் கலைந்தால் உருகிய இரும்பு காற்றைக் குடிக்கும். பெரிய கப்பலில் எல்லாம் மூடிய மண்டபத்துக்குள் நடக்கிறது என்பதால் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. ஒரு தடவை நான்கு நாளாக இரவு வேலையில் மட்டும் திருத்தம் கூடியது. கம்பியை மாற்றினார்கள், வாயு உருளையை மாற்றினார்கள், ஆளையும் மாற்றினார்கள். நான் நடு இரவில் தேத்தண்ணிக்குப் போகும்போது பக்கக் கதவு ஒன்று கயிற்றால் கட்டித் திறந்திருந்ததைக் கண்டேன். வெக்கை தாங்காமல் யாரோ கட்டியது. கடலிலிருந்து வந்த காற்று மூன்றாம் நிலையத்துக்கு நேரே அடித்தது. கயிற்றை அவிழ்த்ததும் பழுது நின்றது. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு காற்றாடி வைத்துக் கொடுத்தோம். அதையும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கதவு மறுபடி திறக்கும்.

மழை நாளில் முன்சூட்டை, அதாவது வெல்டிங்குக்கு முன் குழாய்க்குக் கொடுக்கிற சூட்டை, குறைக்காதீர்கள். குழாய் வெளியில் கிடந்து வந்திருந்தால் நுனியில் பனித்துளி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கையால் துடைத்தால் தெரியும்.

ஸ்டிங்கரின் கடைசி ரோலரில் பாரம் தெரிகிறது

ஸ்டிங்கரின் ரோலர்களில் பாரம் அளக்கும் கருவி இருக்கும். குழாய் கடைசி ரோலருக்கு முன்னமே எழும்பி விலகிப் போக வேண்டும். அதன் மேல் இடைவெளி தெரிய வேண்டும். அங்கே பாரம் காட்டினால் குழாய் நுனியில் ஒடிகிற மாதிரி வளைகிறது. ஏன் என்றால் இழுவை குறைந்திருக்கிறது, அல்லது கப்பல் சற்றுப் பின்னால் போயிருக்கிறது, அல்லது ஆழம் மாறியும் ஸ்டிங்கரின் கோணத்தை மாற்றவில்லை. முதலில் எதைப் பார்ப்பது? திரும்பவும் இழுவை.

மேல் வளைவுக்கு ஓர் எல்லை உண்டு. கடற்குழாய்களுக்கு விதி எழுதுகிற டி.என்.வி. நிறுவனத்தின் எளிய அளவுகோல், எக்ஸ்-65 வகை உருக்குக்கு 0.25 சதவீதத் திரிபு, அதாவது வளைவில் உருக்கு இழுபடுகிற அளவு. 24 அங்குலக் குழாய்க்கு அதைக் கணக்கிட்டால் 122 மீற்றர் ஆரம். அதைவிடச் சிறிய வளைவில் குழாய் படிந்தால் அது அளவுக்கு மேல் வளைகிறது. ஏதாவது ஒரு ரோலர் மட்டும் மற்றவற்றை விட அதிகப் பாரம் காட்டினால் அதன் உயரம் பிழை, அல்லது அது சுற்றவில்லை. சுற்றாத ரோலர் பூச்சில் நீளக் கீறல் போடும். கமெராவில் அதையும் தேடுங்கள்.

கப்பல் தன் இடத்தை விட்டு நகர்கிறது

ஆழ்கடலில் நங்கூரம் எட்டாது. 1986-ல் வேலைக்கு வந்த லோர்லே இந்த வகையில் முன்னோடி: கணினி சொல்லச் சொல்ல உந்துவிசிறிகள் கப்பலை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும். டி.பி. என்பார்கள்.

டி.பி.யின் அறிகுறி பெரும்பாலும் பிரிட்ஜில்தான் தெரியும். ஆனால் டெக்கில் நிற்பவருக்கும் ஒன்று தெரியும்: கடல் அமைதியாக இருக்க உந்துவிசிறிகளின் சத்தம் கூடிக் குறைந்து தேடுகிற மாதிரி இருந்தால், கணினி தன் இடத்தைப் பற்றிக் குழம்புகிறது. எங்கள் பக்கத்துக் கடலில் இதற்கு ஒரு சிறப்புக் காரணம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தெற்கு முனைக்கு அருகால் போகிறது. அந்தக் கோட்டை ஒட்டி, சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் மேல் வளிமண்டலத்தில் குமிழிகள் எழும்பி, செய்மதிச் சமிக்ஞையை மினுக்க வைக்கும். மார்ச், செப்டெம்பரை ஒட்டியும், சூரியனின் ஆரவாரம் கூடிய வருடங்களிலும் இது அதிகம். இரண்டு ஜி.பி.எஸ்.ஸும் ஒன்றாகவே பிழை காட்டலாம் என்பதால், இரண்டும் ஒத்துப் போகிறது என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது. கடலடியில் இறக்கிய ஒலிக்கருவியோடு ஒப்பிட வேண்டும். மாலை ஆறரைக்கு மேல் அப்படி ஒரு குழப்பம் வந்தால், அந்த இரவு வேலைக்கு அந்த ஒலிக்கருவியே முதன்மையாக இருக்கட்டும் என்று கேட்பது நியாயம்.

குழாய் தரையில் படாமல் தொங்குகிறது

குழாய் தரையைத் தொடும் இடத்தை ஆர்.ஓ.வி. என்கிற ரோபோ படம் பிடித்துக்கொண்டே வரும். படத்தில் குழாய்க்கு அடியில் கறுப்பாக ஓர் இடைவெளி தெரிந்தால் தொங்கல். இரண்டு மேட்டுக்கு நடுவில் குழாய் பாலம் போல நிற்கிறது. கீழே ஓடுகிற நீரோட்டம் அந்தப் பாலத்தைச் சுற்றிச் சுழிக்கும், சுழிப்பின் தாளமும் குழாயின் தாளமும் ஒன்றானால் குழாய் நடுங்கத் தொடங்கும். வருடக்கணக்கில் நடுங்கினால் வெல்டிங்கில் விரிசல்.

இதை எங்கள் ஊரில் இருந்து நினைத்துப் பார்ப்பது சுலபம். மகாவலி கலக்கிற கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. வெளியே போகப் போக 3000 மீற்றருக்கும் மேல் ஆழமாகிறது. கோணேசர் மலையின் உச்சியில் நின்று பார்க்கிற அந்தக் கரு நீலம் அதுதான். கரைக்குப் பக்கத்திலேயே திமிங்கலம் வருவதற்கும் அந்த ஆழமே காரணம். இப்படிப்பட்ட செங்குத்துச் சுவரில் குழாயை நேராகப் போட்டால் தொங்கல் தவிர வேறொன்றும் வராது. பள்ளத்தாக்கின் தலையைச் சுற்றி வருவதா, சரிவு மெதுவான இடத்தில் இறங்குவதா என்பதைக் கப்பல் வருவதற்கு முந்திய ஆய்விலேயே முடிவெடுக்க வேண்டும்.

போட்டுக்கொண்டிருக்கும்போது எழுதாத தொங்கல் தெரிந்தால்: இழுவை அதிகமாக இருக்கிறதா பாருங்கள். தேவைக்கு மேல் இழுத்துப் பிடித்தால் குழாய் மேட்டிலிருந்து மேட்டுக்கு விறைத்து நிற்கும். குறைக்க இடமிருந்தால் பொறியாளர் குறைப்பார். பிறகும் நின்றால் கல் கொட்டி அல்லது சீமெந்துப் பை வைத்துத் தாங்கு கொடுப்பார்கள். படம் கலங்கலாக இருந்தால் ரோபோவைத் திட்டாமல், அது சேற்றைக் கிளப்பாத உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

பூச்சு உரிகிறது, அல்லது வேறு வகைக் கப்பல்

மூட்டின் மேல் போடுகிற பூச்சு உரிந்தால் பெரும்பாலும் காரணம் அடித்தளம்: மணல் அடித்துச் சுத்தம் செய்து, பூச்சு போடும் முன் நேரம் விட்டுவிட்டார்கள், துரு மெல்லப் படிந்துவிட்டது. வெப்பநிலையை அளக்காமல் கையால் மதிப்பிட்டிருப்பார்கள்.

ஜே-லே கப்பலில் கோபுரத்தில் செங்குத்தாக மூட்டுவார்கள். மேல் வளைவு இல்லை, ஆகவே ஸ்டிங்கர் பகுதி பொருந்தாது. 2001-02-ல் சைப்பெம் 7000 கருங்கடலில் 2150 மீற்றர் ஆழம்வரை அப்படித்தான் போட்டது. ரீல் கப்பலில் குழாய் உருளையில் சுற்றி வரும். அவிழ்க்கும்போது நேராக்கும் மெசின் சரியாக நிற்காவிட்டால் குழாய் முறுகும். மற்றபடி இழுவையைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒன்றுதான்.

கடல் கெடுகிறது

வாடைக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலில் புயல் எழும்புவது எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1964 டிசம்பர்ப் புயலை ஊரில் பெரியவர்கள் இன்னும் கதைப்பார்கள். 2020 டிசம்பரில் புரேவி எங்களுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. பைப் கப்பல் மற்றக் கப்பல் மாதிரி இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு ஓட முடியாது. பின்னால் குழாய் கட்டியிருக்கிறது. இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும். தலையை வெல்டிங் செய்து, விஞ்சில் மாற்றி, 2000 மீற்றர் இறக்குவதற்கு மணிக்கணக்கு ஆகும். அதனால் காற்றின் வேகத்தை விட, அலை ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம் நீளுகிறதா என்று கவனியுங்கள். அது புயலுக்கு முன்னால் வரும். டென்ஷனர் தன் எல்லையை ஒரு மணி நேரத்தில் பல தரம் தாண்டி விட்டு விட்டு இழுக்கத் தொடங்கினால், இறக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது.

இறக்குவதற்கு முன், கடைசியாகக் குழாய் அமைதியாக நின்றபோது இழுவை எவ்வளவு என்று எழுதுங்கள். நேரம், ஆழம், ஸ்டிங்கரின் கோணம் எல்லாம் பக்கத்தில். இதைப் பொறியாளர் எழுதுவார்தான், நீங்களும் உங்கள் கொப்பியில் எழுதுங்கள். இறக்கிய தலையின் இடத்தையும் எழுதுங்கள். புயல் போன பிறகு அதே ஆழத்தில் அதே குழாயைத் தூக்கும்போது, டென்ஷனர் பிடித்ததும், அதே எண் திரும்ப வர வேண்டும். வந்தால் வெல்டிங்கைத் தொடங்கலாம். நூறு தொன் கூடுதலாக வந்தால் யாரும் மூட்டைத் தொட வேண்டாம். கீழே படுத்திருந்த நாட்களில் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. இழுக்கும் தலையை வெட்டுவதற்கு முன், அதன் வால்வை மெல்லத் திறந்து, உள்ளே காற்றா தண்ணீரா என்று பாருங்கள்.